நைனா ஏறிப் பார்த்த மட்டை

எங்கள் தீவில் படகு தள்ளக் கழி எடுப்பதென்றால் யாரும் கண்ணால் பார்த்து எடுப்பதில்லை. சவுக்கோ மூங்கிலோ, ஒரு முனையைப் படகின் குறுக்குப் பலகையில் வைத்து, மறு முனையை விளிம்பில் சாய்த்து, நடுவில் காலை ஊன்றி உடம்புப் பாரத்தை முழுசாக அதன்மேல் இறக்குவார்கள். எவ்வளவு துவள்கிறது, காலை எடுத்ததும் எப்படி நிமிர்கிறது, உள்ளே ஏதாவது சத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். துவளாத கழி சேற்றில் மாட்டினால் ஒடிந்துவிடும். அதிகம் துவளும் கழி நம் பலத்தையெல்லாம் தானே தின்றுவிட்டுப் படகை நின்ற இடத்திலேயே நிறுத்தி வைக்கும்.

இதில் ஒரு கட்டு உண்டு. யார் தள்ளப் போகிறாரோ அவர்தான் ஏறிப் பார்க்க வேண்டும். அண்ணன் தம்பியாகவே இருந்தாலும் ஒருவருக்காக இன்னொருவர் ஏறிப் பார்ப்பதில்லை. தடித்த ஆள் ஏறிப் பார்த்து நல்ல கழி என்று சொன்னதை ஒல்லி ஆள் வாங்கிப் போனால், அது அவர் கையில் உலக்கையாகத்தான் இருக்கும்.

எனக்கு இந்தக் கட்டு மாமரத்தில் மாங்காய் காய்க்கும் என்பது போல வெறும் தகவலாகத்தான் இருந்தது. ஒரு ஹாக்கி மட்டை வீட்டுக்கு வந்த மாலைவரை.

நான் ஹாக்கி ஆடியது பழவேற்காட்டில் எங்கள் பள்ளிக்கூடத்துத் திடலில். திடல் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாதி மணல், பாதி சிப்பி. அங்கே விழுந்தால் முட்டியில் சிப்பி கிழித்த கோடு வாரக்கணக்கில் ஆறாது. கோடையில் ஏரி வற்றும்போது கரையோரம் காய்ந்து கிடக்கும் சேற்றுத் தரை இதைவிட எவ்வளவோ மேல் என்று பி.டி. மேடம் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். மேடம் ஒரு காலத்தில் சென்னையில் ஆடியவர். எங்களுக்கு அவர் கொண்டுவந்த மட்டைகள் பழைய மர மட்டைகள், பாதிக்குக் கைப்பிடித் துணி கிடையாது. சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிக்கொண்டோம்.

நான் நடு ஆட்டக்காரி. கோல் போடுவது என் வேலை இல்லை. பின்னாலிருந்து வரும் பந்தை நிறுத்தி, திருப்பி, முன்னால் நிற்பவளுக்குக் கொடுப்பது என் வேலை. யார் கண்ணிலும் படாத வேலை. ஆனால் எங்கள் தரையில் பந்து நேராக வராது, தவளை மாதிரித் தத்தித் தத்தித்தான் வரும். அதை மட்டையோடு ஒட்டவைத்து நிறுத்தப் பழகியதில் எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது. இன்றும் இருக்கிறது.

பத்தாவது முடிந்ததும் அணி கலைந்தது. ஒருத்தி பொன்னேரிக்கு வேலைக்குப் போனாள், ஒருத்தியைத் திருப்பாலைவனத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள், மற்றவர்களுக்கு ஆர்வம் போய்விட்டது. பதினொரு பேர் இல்லாமல் ஹாக்கி ஆட முடியாது. நான் மட்டும் சாயங்காலத்தில் பள்ளிச் சுவரில் பந்தை அடித்து, அது திரும்பி வருவதை நிறுத்திக்கொண்டிருந்தேன். சுவரோடு எத்தனை நாள் ஆடுவது. அப்போதுதான் மேடம் விளையாட்டு விடுதிக்கான செலக்‌ஷன் பற்றிச் சொன்னார். தேறினால் சென்னையில் தங்கிப் படிக்கலாம், தினமும் டர்ஃப் என்ற செயற்கைப் புல் தரையில் ஆடலாம், கூட ஆட ஆள் இருக்கும். தேறாவிட்டால் சுவர்தான். என் வயதுப் பிரிவுக்கு அதுதான் கடைசி வருடம்.

எனக்கு ஹாக்கி வேண்டும். வேறு எதையும் நான் வாழ்க்கையில் அப்படிக் கேட்டதில்லை.

செலக்‌ஷனுக்கு முந்தின நாள் மதியம் மேடம் இரண்டு மட்டைகளோடு திடலுக்கு வந்தார். மர மட்டையோடு டர்ஃபில் போய் நின்றால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்று, தன்னோடு ஆடிய ஒரு தோழியிடம் இரவல் வாங்கி வந்திருந்தார். ஒன்று முழுக்கக் கறுப்பு. மற்றதில் மஞ்சள் பட்டை போட்டிருந்தது. இரண்டும் ஒரே நீளம், கையில் தூக்கினால் ஒரே கனம்.

மேடம் சொன்னார். "கறுப்புல கார்பன் அதிகம். அசையாது. நீ போடுற பலம் அப்படியே பந்துக்குப் போகும். ஆனா வர்ற பந்தும் அதே வேகத்துல எகிறும், நிறுத்துறது கஷ்டம். மஞ்சள்ல ஃபைபர் அதிகம். கொஞ்சம் துவளும். அடி தூரம் போகாது, ஆனா பந்து வந்து ஒட்டும். ரெண்டையும் அடிச்சுப் பாரு. உன் கைக்கு எதுன்னு நீதான் சொல்லணும்."

வேடிக்கை பார்க்க வந்திருந்த என் பழைய அணிக்காரிகள் இருவரும் கறுப்பைத்தான் எடுக்கச் சொன்னார்கள். போனில் பார்த்தார்களாம், பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் கார்பன்தானாம். நான் இரண்டிலும் ஆடிப் பார்த்தேன். கறுப்பில் அடித்த பந்து எங்கேயோ போய் கருவேலம் புதரில் விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். ஆனால் மேடம் வேகமாகத் தள்ளிய பந்தை அதில் நிறுத்தியபோது, பந்து சுவரில் பட்டது மாதிரித் திரும்பிப் போனது. மஞ்சளில் நிறுத்தினேன். பந்து அங்கேயே நின்றது. மட்டை ஒரு மூச்சு விட்டது போல உள்ளங்கையில் தெரிந்தது.

"மஞ்சள் மேடம்" என்றேன்.

மேடம் சிரித்தார். அவர் மனசிலும் அதுதான் இருந்தது போல. இருந்தாலும் இரண்டையும் வீட்டுக்கு எடுத்துப் போ, கை பழகட்டும், காலையில் இரண்டையும் கொண்டு வா என்றார். பத்திரம் என்று இரண்டு தடவை சொன்னார். நான் தலையாட்டினேன். பத்திரத்துக்கு என்ன குறைச்சல், என் வீட்டில் எதிரி யாரும் இல்லையே.

படகில் ஊர் திரும்பியபோது நைனா கரையில் இருந்தார். எங்கள் மரப் படகைக் கரையேற்றி வைத்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் மட்டைகளைக் காட்டிவிட்டு, மேடம் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். எது துவளும், எது துவளாது, நான் எதை எடுக்கப் போகிறேன் என்று எல்லாம். நைனா கவனமாகக் கேட்டார். அதிகம் பேசாத மனிதர் அவர், ஆனால் துவளும், துவளாது என்றதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இதுவரை என் ஹாக்கியில் அவருக்குப் புரிந்த விஷயம் ஒன்றுகூட இல்லை. இது புரிந்துவிட்டது.

"மூஞ்சி கழுவிக்கினு வா பாப்பா" என்றார்.

நான் போய்த் திரும்புவதற்குள் மஞ்சள் மட்டை குறுக்குப் பலகைக்கும் படகு விளிம்புக்கும் நடுவில் கிடந்தது. நைனாவின் வலது கால் அதன் நடுவில் இருந்தது. நான் ஓடினேன். அவர் பாரத்தை இறக்கிவிட்டார்.

டிக்.

சின்னச் சத்தம்தான். நண்டுக் காலை உடைத்தால் வருமே, அந்த அளவு. நைனாவுக்கும் கேட்டது. காலை எடுத்துவிட்டு அப்படியே நின்றார்.

மட்டையைப் பிடுங்கிக்கொண்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறல் இல்லை, வெடிப்பு இல்லை, பட்டைகூடக் கசங்கவில்லை. விரலால் சுண்டினால் முன்பு எப்படிச் சத்தம் வந்தது என்று தெரிந்தால்தானே இப்போது மாறியதா என்று தெரியும். நான் முன்பு சுண்டிப் பார்த்ததே இல்லை.

"இன்னா நைனா பண்ணே. இன்னா பண்ணே நீ."

"சும்மா ஏறித்தான் பாத்தேன். என் வெயிட்டு தாங்குனா உன் வெயிட்டும் தாங்கும்னு."

"இது கழியா? இத்த வெச்சி ஏரில படகா தள்ளப்போறேன்?"

"சத்தம் பலகைலேர்ந்து வந்துது பாப்பா."

"பலகை இத்தினி நாளா கத்தலியே."

அவர் அந்தக் குறுக்குப் பலகையைத் தட்டினார். மேலே ஏறி நின்று குதித்தார். பலகை கல் மாதிரி இருந்தது, ஒரு முனகல்கூட இல்லை. அவர் முகம் விழுந்துவிட்டது. அந்தப் பலகை அப்போது ஒரு சின்னச் சத்தம் போட்டிருந்தால் எங்கள் வீட்டில் அடுத்த சில மாதங்கள் வேறு மாதிரிப் போயிருக்கும்.

அம்மா அப்போதுதான் ஏரியிலிருந்து ஏறி வந்தாள். மற்ற பெண்களோடு இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாள். புடவையில் தண்ணீர் சொட்ட, இறால் கூடையைக் கீழே வைக்காமலே நடந்ததைக் கேட்டாள். நான் அழுதுகொண்டே சொன்னேன். அவள் மட்டையைத் தொடவில்லை. நைனாவைத்தான் பார்த்தாள்.

"யோவ், அவ தள்ளப்போற கழில நீ எதுக்கு ஏறுன?"

அம்மா கேட்டது அதட்டல் இல்லை, நியாயம். அந்தக் கட்டு நைனாவுக்குத் தெரியாததா. ஊரில் யாராவது அதை மீறினால் முதலில் கேட்பவரே அவர்தான். மகள் விஷயம் என்றதும் மறந்துவிட்டார். பயந்துவிட்டார் என்று இப்போது சொல்வேன். அன்று எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. கோபம் மட்டும்தான் இருந்தது. கறுப்பு மட்டையைத் தொட விடாமல் இரண்டையும் வீட்டுக்குள் எடுத்துப் போய்ப் பாயில் சுற்றி வைத்தேன். அதன்பிறகு அவரோடு பேசவில்லை.

காலையில் பழவேற்காட்டுக்கு நைனாதான் படகு தள்ளினார். கோடைத் தண்ணீர், படகின் அடி அங்கங்கே சேற்றைத் தடவியது. மடியில் இரண்டு மட்டைகள். துவளும் மட்டை எனக்குப் பொருத்தமானது, ஆனால் உள்ளே உடைந்திருக்கலாம். துவளாத மட்டை நல்லபடியாக இருக்கிறது, ஆனால் என் கைக்கு ஆகாது. கரை வரும்வரை இதையே மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரையில் மேடம் காத்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன் நைனா இறங்கிப் போய் அவர் எதிரில் நின்றார்.

"மேடம், மஞ்சள் மட்டைய நான் ஏறிப் பாத்துட்டேன். ஒரு சத்தம் கேட்டுது. புள்ள மேல தப்பில்ல."

மேடத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஏறிப் பார்த்தீங்களா, எது மேல, எப்படி என்று கேட்டார். நைனா காலைத் தூக்கிக் காட்டினார். மேடம் கண்ணை மூடித் திறந்தார்.

"உக்காருங்க அப்பா. பஸ் வரட்டும். நீங்களும் வாங்க, ரெண்டு மட்டையையும் தூக்க ஆள் வேணும்" என்றார்.

நைனா கூட வரும் எண்ணத்தில் கிளம்பவில்லை, லுங்கியோடு வந்திருந்தார். அப்படியே ஏறினார். பொன்னேரி வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில். ரயிலில் மேடம் மஞ்சள் மட்டையை மடியில் வைத்து, பந்தால் முனையிலிருந்து கைப்பிடிவரை தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். எதிரில் இருந்த பூக்காரம்மா அவரை ஏதோ வைத்தியம் பார்ப்பவர் போலப் பார்த்தாள்.

"வெளியில ஒண்ணும் இல்ல" என்றார் மேடம் கடைசியில். "உள்ள விரிசல் விட்டிருந்தா ஆடும்போதுதான் தெரியும். சத்தம் செத்துப் போகும். டொக்குனு வரும். அப்படி வந்தா உடனே மாத்திடு. பாதியில முறிஞ்சா உனக்கும் ஆபத்து, எதுக்க நிக்கிறவளுக்கும் ஆபத்து. புரியுதா?"

புரிந்தது. ஒவ்வொரு தடவையும் பந்தைத் தொடும்போது காதைத் தீட்டி வைத்துக்கொண்டு ஆட வேண்டும். அப்படி யாராவது ஆட முடியுமா.

டர்ஃப் நீல நிறத்தில் இருந்தது. ஆட்டத்துக்கு முன் குழாய் வைத்துத் தண்ணீர் அடித்தார்கள். எங்கள் தரையில் தத்தித் தத்தி வந்த பந்து இங்கே தரையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. நேராக, ஒரு துள்ளல் இல்லாமல், பயங்கர வேகத்தில். சுற்றிலும் உயரமான பெண்கள், பலர் ஜோடி ஜோடியாக மட்டை வைத்திருந்தார்கள். நெஞ்சில் எண் ஒட்டினார்கள். நைனா கம்பி வேலிக்கு வெளியே மற்ற பெற்றோரோடு நின்றார். கறுப்பு மட்டையைத் தன் துண்டில் சுற்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

மஞ்சளோடு இறங்கினேன்.

முதலில் வந்த பந்தை நிறுத்தினேன். ஒட்டியது. அடுத்ததும் ஒட்டியது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த வேகத்தில் வரும் பந்து என் மட்டையில் பட்டதும் அடங்கி நின்றது, நான் திருப்பி முன்னால் தள்ளினேன். பெயர்கூடத் தெரியாத ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். வேலியோரம் நின்ற தேர்வாளர்களில் வயதான பெண் ஒருவர் என் பக்கம் விரல் நீட்டி ஏதோ சொன்னதைப் பார்த்தேன். நடக்கும் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

நினைத்ததுதான் தப்பு. அதற்குப் பிறகு காது விழித்துக்கொண்டது. ஒரு பந்தைத் தள்ளினேன், சத்தம் கொஞ்சம் மந்தமாக வந்தது போல இருந்தது. அடுத்தது சரியாக இருந்தது. அதற்கடுத்தது மறுபடி மந்தம். டொக் என்றா வந்தது, டக் என்றா? பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பந்தை ஓங்கி அடிக்க வேண்டிய இடத்தில் கை தானாக மெதுவாகிவிட்டது. எதிராளி அதை வழியிலேயே எடுத்துப் போய்விட்டாள். என் பக்கத்துக்காரி திட்டினாள். அவள் திட்டியது நியாயம்தான்.

இடைவேளை விட்டார்கள். மேடம் உள்ளே வர அனுமதி இல்லை, எங்கோ தள்ளி நின்றார். நான் நைனாவிடம்தான் ஓடினேன். முந்தின நாள் மாலைக்குப் பிறகு அப்போதுதான் அவரோடு பேசினேன்.

"நைனா, மஞ்சள்ல சத்தம் மாறுது."

"எப்பிடி மாறுது?"

"தெர்ல. மாறுது. மாத்தட்டுமா? கறுப்புல எனக்கு நிறுத்த வராது. இன்னா பண்றது சொல்லு."

அவர் உதடு அசைந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

"நான் சொல்லக்கூடாது பாப்பா. நீ தள்ற கழி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேத்து இந்தப் புத்தி எங்க போச்சு?" என்று கத்தினேன். பக்கத்தில் தண்ணீர்ப் புட்டியோடு நின்ற ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். நைனா கறுப்பு மட்டையைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார், வேலிக் கதவு வழியாக நீட்டினார். எடுத்துக்கொள் என்று நீட்டவில்லை. இருக்கிறது என்று காட்டினார். அவ்வளவுதான்.

விசில் அடித்துவிட்டார்கள். முறிந்து யார் முகத்திலாவது போனால் என்று மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. மஞ்சளைக் கொடுத்துவிட்டுக் கறுப்பை வாங்கினேன்.

முதல் பந்து எகிறியது. நான் பயந்தது போலவே, மட்டையில் பட்டு நேராக எதிராளியின் காலடியில் போய் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. விரல் நீட்டிய அந்தத் தேர்வாளர் இப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. பிடியை இறுக்கினேன். இறுக்க இறுக்கப் பந்து இன்னும் தூரம் எகிறியது.

அப்போது எனக்கு ஞானம் ஒன்றும் வரவில்லை. கை வலித்தது, அவ்வளவுதான். அந்த வலி எனக்குத் தெரிந்த வலி. முகத்துவாரத்தின் பக்கம் நான் படகு தள்ளும்போது அடியில் சேறு முடிந்து கெட்டி மணல் வரும். சேறு என்று நினைத்துக் கழியை ஊன்றினால் ணங்கென்று மோதித் தோள்பட்டைவரை ஏறும். அங்கே தள்ளும்போது கீழ்க் கையை யாரும் இறுக்கிப் பிடிப்பதில்லை. கழி மோதும் நேரத்தில் கீழ்க் கை தளர்ந்து, கழி உள்ளங்கையில் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மோதல் அங்கேயே தீர்ந்துவிடும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, வலித்தால் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

அடுத்த பந்து வந்தபோது என் வலது கை தளர்ந்தது. பந்து பட்ட நேரத்தில் மட்டை கைக்குள் ஒரு விரல் அகலம் பின்வாங்கியது. பந்து எகிறவில்லை. ஒட்டவும் இல்லை, ஒரு எட்டு தள்ளி நின்றது. ஒரு எட்டு போதும். ஓடிப் போய் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் எந்தச் சத்தத்தையும் கேட்கவில்லை. கறுப்பு உடையாது என்று தெரியும், அதனால் காது ஓய்ந்தது. மட்டை துவளாவிட்டால் நான் துவண்டுகொள்கிறேன் என்று ஆடினேன். மஞ்சளில் ஆடிய அழகு அதில் இல்லை. ஆனால் கடைசியில் ஒரு பந்தை எங்கள் பாதியிலிருந்து ஓங்கி அடித்தேன், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அது இரண்டு பேருக்கு நடுவில் போய் அந்தப் பக்கம் நின்றவளின் மட்டையில் விழுந்தது. மஞ்சளில் அவ்வளவு தூரம் போயிருக்காது.

மதியம் எண்களை வாசித்தார்கள். நடு ஆட்டக்காரர்களில் கடைசியாக என் எண் வந்தது. மேடம் என்னைக் கட்டிக்கொண்டார். நைனா வேலிக்கு வெளியே மஞ்சள் மட்டையைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்று, கண் மட்டைக்குப் போனது. சந்தோஷத்தில் அவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

மேடம் மஞ்சள் மட்டையைப் பள்ளி அலமாரியில் பூட்டி வைத்தார். உள்ளே விரிசல் விட்டிருக்கிறதா இல்லையா என்று தெரியாத மட்டையை யார் கையிலும் கொடுக்க முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. தோழியிடம் தானே பேசிக்கொள்கிறேன் என்று முடித்துவிட்டார். நைனா அதன்பிறகு நான் வீட்டுக்குக் கொண்டுவந்த எந்த மட்டையையும் தொடவில்லை. வழியில் கிடந்தால் சுற்றிக்கொண்டு போவார். அம்மா கிண்டல் செய்தாள், "பாம்பா கீது? தாண்டிப் போயேன்யா." அவர் தாண்ட மாட்டார். நானும் அந்த மாலையைப் பற்றி எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. நான் மன்னித்துவிட்டேன் என்றுதான் என் நினைப்பு. மன்னிப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டிருந்தோம்.

விடுதியில் சாயங்காலம் கொஞ்ச நேரம் போன் கையில் கொடுப்பார்கள். எப்போதும் அம்மாதான் பேசுவாள். நைனாவிடம் கொடுத்தால், சாப்ட்டியா என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள், அவரே கூப்பிட்டார். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டேன்.

"பலகைதான் பாப்பா" என்றார்.

"இன்னா நைனா?"

"பலகை. மழைக்கு முன்ன தாரு பூசலாம்னு குறுக்குப் பலகைய கழட்டுனேன். ஓரத்துல, கட்டைக்குள்ள சொருவுற எடத்துல, உள்ளுக்குள்ளயே வெடிச்சிகீது. மேல நின்னு குதிச்சா தெரியாது. கழட்டுனாதான் தெரியும். உப்பு ஏறி வெள்ளையா கீது, பழைய வெடிப்பு." மூச்சு வாங்கினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "அன்னிக்குக் கேட்ட சத்தம் அதான். மட்ட ஒடையல. நான் ஒடைக்கல பாப்பா."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "மத்தியானத்துலேர்ந்து அந்தப் பலகைய மடில வெச்சிக்கினே குந்திகீறாரு. சோறு கூட துன்னல."

கோடையிலிருந்து இத்தனை மாதமாக அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் அதே படகில் ஏறி, அதே பலகையில் உட்கார்ந்து, மகளின் மட்டையை உடைத்தவனாகவே ஏரிக்குப் போய் வந்திருக்கிறார்.

"மேடங்கிட்ட நான் சொல்றேன் நைனா" என்றேன்.

"மொதல்ல அவங்களுக்குத்தான் பண்ணேன். அலமாரியத் தொறந்து மட்டைய எடுத்து அடிச்சிப் பாத்தாங்க. நான் போன்லயே கேட்டுக்கினு இருந்தேன். ஓங்கி ஓங்கி அடிச்சாங்க. ஒண்ணும் ஆவல. நல்ல மட்ட."

பிறகு அவர் கேட்டார். குற்றம் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அப்போ கிரவுண்டுல நீ ஒரு சத்தம் மாறுதுன்னியே பாப்பா. அது இன்னா?"

வராண்டாவில் மற்ற பெண்கள் போனுக்காக வரிசையில் நின்றார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்படி ஒரு சத்தமே வர்ல நைனா" என்றேன். "நீ ஏறுனதாலதான் எனக்குக் கேட்டுது."

அந்தப் பக்கம் பலகையைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி" என்றார். "சாப்ட்டியா?"